சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டிவி தானாக விழித்துக்கொண்டது. செல்வி சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மின்சார பில்லைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரிமோட் மேஜைமேல் கிடந்தது, யாரும் தொடவில்லை. கறுப்பாக இருந்த திரையில் வெளிச்சம் வந்து, படங்கள் வரிசை வரிசையாக நிற்கிற அந்த முகப்புப் பக்கம் வந்து நின்றது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உன் வீடு இத்தனை நாளும் பூட்டிக் கிடந்ததும், அங்கே பத்து நாளுக்கு முன்பு யாரோ குடிவந்ததாகச் செல்வி சொன்னதும் எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தன. திரை மாறியதைப் பார்த்ததும் ஓடினேன். செருப்புப் போடவில்லை. உன் கதவுமுன் நின்று, அழைப்புமணியில் வைத்த விரலை எடுக்காமல் அழுத்தினேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. செல்வியிடம் சொல்லவில்லை, கனடாவிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கிய உன் மகளிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னிடமே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

அந்த ரிமோட் கதை உனக்கு மறந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். பழைய ரிமோட்டை லுங்கி மடிப்போடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாய். சுத்தமாகத் துவைத்து வந்தது, வேலைதான் செய்யவில்லை. புதிதாக ஒன்று வரவழைத்துவிட்டுச் சுவரைத் தட்டினாய்.

"ஏலே ஆபீசர்! இந்தச் சனியன டிவியோட சேத்து வைலே, வா."

சாகண் ஊரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஆலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். அளவெடுப்பது, எண்ணுவது, கணக்கு ஒன்று குறைந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புவது, இதுதான் என் சோலி. அதனால் நான் உனக்கு ஆபீசர். நீ கட்கிப் பக்கம் ராணுவத் தளவாட ஆலையில் கடைசல் பிடித்தவன். "அளவுகோல் எதுக்குலே, கண்ணு இருக்குல்லா" என்று சொல்லியே என்னைக் கடுப்பேற்றுவாய். திருநெல்வேலியிலிருந்து ஒரே ரயிலில் இந்த மராட்டி ஊருக்கு வந்தோம், கோந்த்வாவில் அடுத்தடுத்த வீடாகப் பார்த்து வாங்கினோம், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் டிவியை மாட்டினோம். இதில் எதுவும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று மறந்துவிட்டது. புது ரிமோட்டைச் சேர்க்கும் பக்கம் டிவியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் டிவியில் அதைத் தேடிப் பிடித்தேன். அது 'தேடுகிறது, தேடுகிறது' என்று சுற்றிக்கொண்டிருக்க, அப்படியே திறந்து போட்டுவிட்டு உன்னிடம் திரும்பினேன். முப்பது வருடம் பிறர் தப்பைக் கண்டுபிடித்தவன் என் தப்பைக் கவனிக்கவில்லை.

"ஹோம் பட்டன பத்து செகண்டு விடாம அமுக்கணும். நான் எண்ணுதேன்" என்றேன்.

உன் கையில் அப்போதே நடுக்கம் வந்திருந்தது. ஆறில் நழுவும், ஏழில் நழுவும். நான் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

"எண்ணாதலே. நீ எண்ணுனாத்தான் எனக்கு ஆடுது."

நான் வாயை மூடியதும் நீ சரியாக அமுக்கினாய். உன் டிவி அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வியின் குரல் கேட்டது. "ஏங்க, இங்க வந்து சேந்துட்டு!"

நீ கட்டிலில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "நான் வாங்கிட்டு வந்த ரிமோட்டு ஒன் வீட்டுல போயி வாழ்க்கைப்பட்டுட்டேலே!" என்றாய். நான் பிரித்துவிடுகிறேன் என்றேன். நீ கேட்கவில்லை. மறுநாள் உன் டிவிக்கு வேறொரு ரிமோட் வாங்கி ஒழுங்காகச் சேர்த்தேன். எது எது என்று குழம்பாமலிருக்க, எங்கள் வீட்டோடு சேர்ந்துவிட்டதன் இடுப்பில் கொத்தமல்லிக் கட்டிலிருந்து உருவிய சிவப்பு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தாய்.

அப்போது அது விளையாட்டு. ஒரு மாதம் கழித்து நீ குளியலறையில் வழுக்கி விழுந்தாய். எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முக்கால் மணி நேரம் ஈரத்தில் கிடந்தாய். கைக்கு எட்டுகிற இடத்தில் செல்போன் இருந்தும், நடுங்கும் விரலுக்கு அதன் பூட்டு திறக்கவில்லை. அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் பயத்தில் வந்தது. ஆள் வைத்துக்கொள் என்றேன், எங்களோடு வந்து இரு என்றேன். சம்சாரம் போன பிறகு தனியாக இருந்து பழகிவிட்டது, இனி யாரும் வந்து பக்கத்தில் குறட்டை விட்டால் தூக்கம் வராது என்றாய். பிறகு ரப்பர் பேண்ட் ரிமோட்டை எடுத்துக் காட்டினாய்.

"இதுல ஒரு பட்டன்தான. இத அமுக்குனா ஒன் டிவி முழிக்கும். நீ வா."

அணைந்து கிடந்தாலும் விழிக்கும், ஓடிக்கொண்டிருந்தால் ஓடுவதை நிறுத்தி முகப்புக்கு வந்துவிடும். சோதித்துப் பார்த்தோம். அன்றிலிருந்து அது உன் தலைமாட்டில் இருந்தது. உன் வீட்டுச் சாவி எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நான் ஆலைக்குப் போன நேரத்திலெல்லாம் செல்விதான் வந்தாள். எத்தனை முறை வந்தாலும் அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மாவு பிசைந்த கையோடு வருவாள், "என்ன அண்ணாச்சி?" என்பாள், "ஒண்ணுமில்ல தாயி, கை பட்டுட்டு" என்றால் சிரித்துவிட்டுப் போவாள்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு இன்னும் மோசம். உன் கை தானாக ஆடி பட்டனில் பட்டுவிடும், திரை மாறும், நான் ஓடிவருவேன். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ஒரே மத்தியானத்தில் நான்கு முறை. அது போதாதென்று உன் சேட்டை வேறு. இருவரும் ஒரே கிரிக்கெட்டைத்தான் பார்ப்போம், ஆனால் உன் வீட்டு இணைப்பு என்னுடையதைவிட வேகம். உன் திரையில் விழுந்த விக்கெட் என் திரையில் விழ அரை நிமிடம் ஆகும். பந்து வீசுகிறவன் ஓடிவரும்போதே என் திரை முகப்புக்குத் தாவும். நான் திரும்ப மேட்சுக்குள் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுவருக்கு அப்பால் உன் சிரிப்புக் கேட்கும்.

ஒரு நாள் உன் கட்டிலருகே நின்று கத்தினேன். "இன்னைக்குச் சொல்லுதேன் கேட்டுக்கோ. மூணு தடவ அமுக்கு, வாரேன். ஒண்ணு, ரெண்டுக்கெல்லாம் வரமாட்டேன். கை பட்டா ரெண்டு தடவ படும், மூணு படாது."

நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "சரிலே ஆபீசர். மூணு" என்றாய்.

அந்த மூன்று என்பது உன் எண்ணிக்கை இல்லை. நான் போட்டது.

ஒன்பது மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். செல்வி காலையிலேயே லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் பதினொரு மணிக்கு உனக்கு இட்லி கொண்டுவந்தேன். சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாய். எல்லாம் வழக்கம்போல இருந்தது. மாலை மேட்ச். கடைசி மூன்று ஓவர், எப்படி வேண்டுமானாலும் முடியலாம் என்ற நிலை. நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

பந்து வீசுகிறவன் ஓட ஆரம்பித்தான். திரை முகப்புக்குப் போனது.

ஒன்று, என்று மனதில் எண்ணினேன். உனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, விக்கெட் விழுந்திருக்கிறது, என்னை வெறுப்பேற்றுகிறாய் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்து, "போதும்லே மூதி, நிறுத்து!" என்று கத்திவிட்டு மறுபடி மேட்சுக்குள் போனேன். சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அது அப்போதே காதில் பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு பந்து. திரை மறுபடி முகப்புக்குப் போனது. இரண்டு.

இந்தத் தடவை ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது வரட்டும், போகலாம் என்று. மூன்றாவது வரவில்லை. வரவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது எனக்கு. கை பட்டிருக்கிறது, இரண்டுதானே என்று மேட்சைத் திறந்தேன். அந்த ஓவர் முடிந்தது. விளம்பரம் வந்தது. அடுத்த ஓவரும் பாதி போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஓவரிலும் விக்கெட்டே விழவில்லை. பிறகு எதற்காக அமுக்கினாய்?

சாவி ஆணியில் சிக்கிக்கொண்டு வரவில்லை, ஆணியோடு பிடுங்கினேன். நீ கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாய். முகமெல்லாம் வியர்வை. உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. ரிமோட் உன் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது, விரல் பட்டனுக்கு எட்டாமல் ரப்பர் பேண்டின்மேல் இருந்தது. உன் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. உன்னைத் தூக்கும்போது ரிமோட் எங்கேயோ விழுந்தது, அதை நான் கவனிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஆன நேரம் முழுவதும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடிப் படியில் உன்னை இறக்கியபோது கீழ் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவர் ஏதோ கேட்டார், நான் தமிழிலேயே பதில் சொன்னேன்.

டாக்டர், கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம். எனக்குத் தெரிந்த கணக்கு பத்து நிமிடம்.

மறுநாள் நீ ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து பேசினாய். குழறலாக வந்த வார்த்தையை நான் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்டேன்.

"மேட்ச் என்னலே ஆச்சு?"

"செயிச்சுட்டோம்லே" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது, அதற்கப்புறம் நான் அந்தத் திரையைப் பார்க்கவேயில்லை. தோற்றுப்போனதைப் பிறகுதான் யாரோ சொன்னார்கள். நீ வெறுமனே கேட்டாயா, அல்லது நான் மேட்ச் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்து கேட்டாயா? ஒன்பது மாதமாக இதை மட்டும்தான் உன்னிடம் கேட்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த நாள் விடியற்காலையில் நீ போய்விட்டாய்.

நீ விழுந்த அன்றைக்கே செல்வி கேட்டாள். "எத்தன தடவங்க வந்துச்சு?"

"மூணு" என்றேன்.

பிறகு உன் மகள் வீட்டை ஒழித்து, கட்டிலையும் பீரோவையும் குடிவருகிறவர்களுக்கென்று விட்டுவிட்டுச் சாவியைத் தரகரிடம் கொடுத்துப் போனாள். ரிமோட் எங்கே என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எங்கள் டிவியின் அமைப்புகளுக்குள் அவ்வப்போது போவேன். அங்கே சேர்ந்திருக்கும் ரிமோட்டுகளின் பட்டியல் இருக்கும். முதலாவது எங்களுடையது. இரண்டாவது உன்னுடையது. பக்கத்திலேயே 'நீக்கு' என்று ஒரு கட்டம். அதுவரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். செல்வி பார்த்தால், சத்தம் குறைவாக இருந்தது, சரிசெய்தேன் என்பேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம். கதவைத் திறந்தவள் நாற்பது வயதிருக்கும் மராட்டிப் பெண். கையில் துடைப்பம், மறு கையில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றிய ரிமோட். அவளுக்குப் பின்னால், உன் கட்டிலில், ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவளுடைய அப்பா. வலது பக்கம் முழுவதும் விழுந்துபோனவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

வீடு மாறும்போது அவர்களுடைய ரிமோட் தொலைந்துவிட்டதாம். கட்டிலுக்கடியில் பெருக்கியபோது இது கிடைத்திருக்கிறது. அதைத் தன் டிவியோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறாள். ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள், அதற்குள் நான் மணியடித்துவிட்டேன். பேசிக்கொண்டே அவள் கட்டைவிரல் மறுபடி பட்டன்மேல் போனது. "தஸ் செகண்ட் தபானா ஹை நா, அங்கிள்?" என்று கேட்டாள்.

பத்து விநாடி அமுக்கினால் அது அவள் டிவியோடு சேர்ந்துவிடும். எங்கள் பட்டியலிலிருந்து அறுந்து போகும். நான் அமுக்கத் துணியாத 'நீக்கு' என்பதை அவள் தெரியாமல் செய்துவிடுவாள். ஒரு கணம், நடக்கட்டும் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. அப்புறம் அந்தப் பெரியவரைப் பார்த்தேன்.

"மத் தபாவோ!" என்று கத்திவிட்டேன், அமுக்காதே என்று.

அவள் பயந்து ரிமோட்டைக் கீழே போட்டாள். செல்வியும் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். நான் குனிந்து அதை எடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் விளக்கினேன். பகலில் அப்பாவுடன் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். தான் வேலைக்குப் போய்விடுவதாகவும், மதியம் ஒருத்தி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவதாகவும், மற்ற நேரம் யாருமில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது.

எங்கள் ரிமோட்டை எடுத்துவந்து அவள் டிவியோடு சேர்த்துக் கொடுத்தேன். எனக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம். இந்த முறை எங்கள் டிவி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று செல்வியை இரண்டு தடவை போய்ப் பார்த்துவரச் சொன்னேன். பிறகு உன் ரிமோட்டைப் பெரியவரின் இடது கைக்குள் வைத்தேன்.

"யே தபாவோ. மே ஆயேகா. ஏக் பார் பஸ்." இதை அமுக்குங்கள், நான் வருவேன், ஒரு தடவை போதும் என்று.

பெரியவர் நாக்கைச் சிரமப்பட்டுத் திருப்பி மராட்டியில் கேட்டார். "ஏக்தாச்?" ஒரே தடவைதானா?

"ஹோ. ஏக்தாச்" என்றேன்.

அவர் அமுக்கிப் பார்த்தார். சுவருக்கு அப்பால் எங்கள் டிவி விழித்த சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கதவைச் சாத்தினாள். அப்பளம் கருகிய வாசனை வீடு முழுக்க இருந்தது.

"அண்ணாச்சிக்கு மூணுன்னு கண்டிசன் போட்டீங்க. இவருக்கு மட்டும் ஏன் ஒண்ணு?"

அவள் வேண்டுமென்று குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "அன்னைக்கு ரெண்டுதான் வந்துச்சு செல்வி. நான் மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய், தீய்ந்த எண்ணெயைக் கொட்டி வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெகுநேரம் தேய்த்தாள். சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். நான்காம் நாள் காலையில் பார்த்தபோது, ஓரமாகக் கிடந்த என் நாற்காலியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தாள். அங்கிருந்தும் டிவி தெரியும். அதிலேயே போய் உட்கார்ந்தேன்.

மன்னிப்பு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதை நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எனக்கு அனுப்ப உனக்கு வழியில்லை. உன் மகளுக்கு எழுத வேண்டும், எழுதுவேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரை மாறியது. எச்சில் கையோடு ஓடினேன், அந்தப் பெண் கொடுத்த புதுச் சாவி அதே ஆணியின் ஓட்டையில் அடித்த வேறு ஆணியில் இருக்கிறது. பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ரிமோட் அவர் விலாவுக்குக் கீழே அமுங்கியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதை நின்று பார்த்துவிட்டு, அதை எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். சோற்றில் கையை வைக்கும்போது மறுபடி திரை மாறியது. மறுபடி போனேன். மறுபடியும் தூக்கம்தான். சாயங்காலத்துக்குள் ஐந்து தடவையோ ஆறு தடவையோ, சரியாகத் தெரியவில்லை.

நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்லே.